வலது பக்கம் திரும்பினா மட்டும் அழுத ஜீப்

தம்பி,

சாப்பிட்டு முடிச்சிட்டு உக்காந்து படி. நின்னுகினே படிக்காதே, பாதியில போன் பண்ணாதே. போன்ல பேசினா நீ "அப்பறம் பேசுறேம்மா, ஆளு இருக்காங்க"ன்னு வச்சிடற. நானும் சொல்ல வந்தத விட்டுட்டு, சோறு தின்னியான்னு கேட்டுட்டு வச்சிடறேன். அதனாலதான் எழுதறேன். அஞ்சாவதோட நின்ன கை. ஒரு எழுத்து மேட்டுல ஏறும், ஒரு எழுத்து பள்ளத்துல எறங்கும், பொறுத்துக்க. எழுதி முடிச்சதும் பவித்ரா பக்கம் பக்கமா போட்டோ புடிச்சி உன் போனுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா. அனுப்பும்போது அவளும் படிச்சிடுவா. படிக்கட்டும். இன்னும் நாலு நாள்ல இந்த வூட்டுக்கு வரப்போறவ. உனக்கு மட்டும்னு மறைச்சி எழுத என்கிட்ட ஒண்ணும் இல்ல.

போன ஞாயித்துக்கிழமை நீ சொன்னது ஞாபகம் இருக்குதா? "அம்மா, பொண்ணழைப்புக்கு நம்ம ஜீப்பு வேணாம். அது ஊளையிட்டுகினு வருது. மலையில நின்னுடுச்சின்னா அசிங்கம். வேன் சொல்லிட்டேன். நீ மண்டபத்துலயே இரு, அங்க வேலை இருக்கும்"ன்னு சொன்ன. நானும் சரிப்பான்னு வச்சிட்டேன். வச்சப்பறம் அடுப்படியில நின்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். பவித்ரா ஊருக்கு தார் ரோடு கெடையாது. வேன் வெள்ளிமலை தாண்டி தார் முடியிற எடத்தோட நின்னுடும். அதுக்கு மேல கல்லு ரோட்டுல மூணு மைலு, நடுவுல ரெண்டு ஓடை. பட்டுப்புடவையக் கட்டிகினு, மாலையப் போட்டுகினு, அந்தப் பொண்ணு ஓடையில எறங்கி நடந்து வரணுமா? இது உனக்குத் தெரியாம இல்ல. உனக்கு அதுக்கு முந்தின நாளு மணலூர்பேட்டை அத்தை போன் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும். புருசன் இல்லாதவ பொண்ணழைப்புக்கு முன்னால போவக்கூடாது, அதுலயும் வண்டிய ஓட்டிகினு போயி பொண்ணு எதுக்க நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. அத என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல. பாவம், பழிய சத்தத்து மேல போட்டுட்ட. கோவம் இல்ல தம்பி. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தச் சத்தம் இப்ப இல்ல. எடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் இத்தன பக்கம்.

உங்கப்பா போயி ஒண்ணே கால் வருசம் ஆவுது. ஜீப்ப நான் ஒரு மாசம் கூட சும்மா நிறுத்தலன்னு உனக்குத் தெரியும். கச்சிராயபாளையத்துல மூட்டைய ஏத்திகினு, மேல கல்லு ரோட்டு ஊருங்கள்ல இருக்கற கடைங்களுக்கு பருப்பு, எண்ணெ, சோப்புன்னு போடறது. வரும்போது மரவள்ளிக் கெழங்கோ கடுக்காயோ ஏத்திகினு எறங்கறது. எல்லாம் அவரு போட்டுகினு இருந்த கடைங்கதான். மொத வாரம் "ஓட்டறது பொம்பளையா"ன்னு மூட்டையத் தூக்காம நின்னவங்க, ரெண்டாவது வாரம் "இன்னாக்கா, இன்னிக்கு லேட்டு"ன்னு அதட்டுனாங்க. அந்த அதட்டல்ல எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே, உனக்கு சொல்லி வெளங்காது.

உனக்குத் தெரியாதது வேற ஒண்ணு. ஓடையில வண்டிய முக்கி எடுத்துகினு வந்தா, மறுநாளே உங்கப்பா முன் சக்கரம் ரெண்டையும் கழட்டிடுவாரு. பேரிங்கப் பாத்து, பழைய கிரீஸத் தொடச்சிட்டு புதுசு வைப்பாரு. நீ வண்டிக் கம்பெனியில தெனம் பாக்கறதுதான், ஆனா நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன்: சக்கரத்து நடுவுல ஒரு வளையம், அதுக்குள்ள சின்னச் சின்ன உருளைங்க, அதுங்கதான் அத்தன பாரத்தையும் தாங்கிகினு சக்கரத்த வழுக்க வழுக்க சுத்த வைக்குதுங்க. உள்ள தண்ணி போவாம இருக்க ஒரு ரப்பர் சீலு. சீலு கிழிஞ்சி தண்ணி போனா கிரீஸு செத்துடும், கிரீஸு செத்தா உருளை தேஞ்சிடும். போன ஐப்பசி மழையில நான் எத்தன தடவ ஓடையில முக்குனேன்னு கணக்கில்ல. ஒரு தடவ கூட பிரிச்சிப் பாக்கல. சோம்பல்னு நெனைக்காதே. கழட்டணும்னு ஜாக்கியெல்லாம் எடுத்து வச்சிட்டு கிரீஸ் டப்பாவத் தொறந்தேன். அதுல உங்கப்பா கடைசியா வழிச்சி எடுத்த நாலு வெரல் தடம் அப்படியே இருந்தது. ஏர் ஓட்டுன சால் மாதிரி நாலு கோடு. நடுவெரல் கோடு மட்டும் கொஞ்சம் ஆழம். நான் கைய வச்சா அது அழிஞ்சிடும். மூடிட்டேன். அப்பறமும் எத்தனையோ தடவ தொறந்திருக்கேன், பாத்துட்டு மூடியிருக்கேன். வேற டப்பா வாங்க வேண்டியதுதானேன்னு நீ கேப்ப. கேளு.

தை மாசம் சத்தம் ஆரம்பிச்சது. மொதல்ல எங்கயோ வண்டு சுத்தற மாதிரி. மாசி பங்குனியில ஊம்ம்னு ஒரு அழுகையாவே ஆயிடுச்சி. அந்த சமயம் அத்தை இங்க வந்திருந்தாங்க, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல விட ஜீப்புல கூட்டிகினு போனேன். பாதி வழியில என் கைய இறுக்கிப் புடிச்சாங்க. "நிறுத்துடி, நிறுத்து. கேக்குதா? என் தம்பி அழுவுறான்டி"ன்னாங்க. ஓரங்கட்டினேன். அவங்க அழுவ, நானும் அழுவ, பின்னால கரும்பு ஏத்திகினு வந்த டிராக்டர்காரன் நிறுத்திட்டு ஓடி வந்தான். "இன்னாக்கா, ஆக்சிடென்டா?"ன்னான். "இல்லப்பா, எங்க வூட்டுக்காரரு"ன்னேன். அவன் பதறிப்போயி வண்டிக்கு அடியில குனிஞ்சி பாத்தான்.

இப்ப நெனச்சா சிரிப்பா இருக்குது. அப்ப நம்பினேன் தம்பி. அதயும் ஒத்துக்கறேன். நாப்பதுக்கு மேல போனாதான் அந்த அழுகை வரும். அதுக்காகவே நேர் ரோட்டுல நாப்பத்தஞ்சி வச்சி அழுத்துவேன். "இன்னாங்க, இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி"ன்னு பேசிகினு போவேன். "உங்க புள்ளைக்கு பொண்ணு பாத்தாச்சி, பாத்தாச்சி இன்னா, அவனே பாத்துகினான்"ன்னு சொல்வேன். அவரு ஊம்ம்னு கேட்டுகினு வருவாரு. உயிரோட இருந்தப்ப நான் பேசினா அவரு இவ்ளோ நேரம் கேட்டது கெடையாது.

நீ போன் பண்ண மறுநாளு, கோமுகி அணைப் பக்கம் போற ரோட்டுல லோடு ஏத்திகினு போனேன். அந்த ரோடு வளைஞ்சி வளைஞ்சி போவும். உன்மேல இருந்த வருத்தத்துல அன்னிக்கு நான் பேசாம ஓட்டினேன். பேசாம இருந்ததால காது வேலை செஞ்சிது. வலது பக்கம் வளைஞ்சேன், அழுகை ஓங்கி வந்தது. இடது பக்கம் வளைஞ்சேன், டக்குனு அடங்கிடுச்சி. மறுபடி வலது, மறுபடி அழுகை. இடது, கப்சிப். முப்பத்தஞ்சிக்கு எறக்கினேன், ஒண்ணும் இல்ல. நாப்பத்தஞ்சி, ஊம்ம். இருபத்தேழு வருசம் அவரோட குடும்பம் நடத்தினவ நான். எதுக்கு அழுவாரு எதுக்கு அழுவமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? மனுசன் மீட்டரப் பாத்து அழுவாரா? வலது பக்கம் ஒடிச்சா துக்கம், இடது பக்கம் ஒடிச்சா ஆறுதலா? சிரிப்பு வந்துடுச்சி. தனியா உக்காந்துகினு, ஸ்டீரிங்கப் புடிச்சிகினு, வாய் விட்டு சிரிக்கிறேன். எதுக்க வந்த பஸ் டிரைவரு வெறிச்சிப் பாத்துகினு போனாரு. உங்கப்பா போனப்பறம் நான் அப்படி சிரிச்சது அன்னிக்குத்தான்.

சரி, பேரிங்குதான்னு தெரிஞ்சிபோச்சி. ஆனா எந்தச் சக்கரம்? வலது பக்கம் திரும்பினா வருது, அவரு ஓட்ட உக்கார்ற பக்கமும் வலதுதான், அப்ப வலது சக்கரம்தான்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். செவ்வாக்கெழமை மத்த சக்கரத்துக்கெல்லாம் கல்லு வச்சிட்டு, ஜாக்கி போட்டு, வலது சக்கரத்தக் கழட்டினேன். அரை நாளு ஆச்சி. உள்ள பாத்தா, கிரீஸு நெய்யி மாதிரி இருக்குது, உருளைங்க கண்ணாடி மாதிரி மின்னுது. ஒரு கொறையும் இல்ல. அப்படியே திருப்பி மாட்டிட்டு, மறுநாளு பஸ் புடிச்சி கள்ளக்குறிச்சி பாய் கடைக்குப் போனேன். உங்கப்பா எப்பவும் வண்டி சாமான் வாங்கற கடைதான். இப்ப அந்த பெரிய பாயோட மகன் பாத்துக்கறாரு. உன்னவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்.

"வாங்கக்கா. எந்த வீலு?"

"வலதுதான் பாய். பிரிச்சும் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்குது. ஆனா வலது பக்கம் ஒடிச்சா அழுவுது."

அவரு சிரிக்காம இருக்கப் பாத்தாரு, முடியல. "அக்கா, தண்ணிக் கொடத்தத் தலையில வச்சிகினு ஓடறீங்க. ஓடற ஓட்டத்துல வலது பக்கம் திரும்புங்க. ஒடம்பு எந்தக் காலு மேல சாயும்?"

கடையிலேயே ரெண்டு அடி ஓடித் திரும்பிப் பாத்தேன். ஸ்க்ரூ வாங்க வந்தவரு நகந்து வழி விட்டாரு. எனக்கு இடது காலு அழுந்துது.

"அதான் விசயம். வண்டி வலது பக்கம் திரும்புனா பாரம் பூரா இடது வீலு மேல. கத்தறது இடது வீலுதான்க்கா. நீங்க ஒரு நிரபராதியப் புடிச்சி கழட்டிட்டு வந்திருக்கீங்க."

பாய் உள்பக்க பேரிங்கு பெருசு ஒண்ணு, வெளிப்பக்கம் சின்னது ஒண்ணு, ரெண்டும் உக்கார்ற ரெண்டு கப்பு, ஒரு சீலு, எல்லாத்தயும் எடுத்து வச்சாரு. பழைய கப்புல புது பேரிங்க வைக்கக் கூடாது, சீக்கிரம் போயிடும்னு சொன்னாரு. கப்ப அடிச்சி எறக்கும்போது சத்தத்தக் கேக்கச் சொன்னாரு. டொக்கு டொக்குன்னு வந்துகினே இருக்கும், அடி வரைக்கும் போயி உக்காந்ததும் டங்குன்னு மாறும், அப்ப நிறுத்திடுங்கன்னாரு. கழட்டறதுக்கு முன்ன ஒண்ணு பாக்கச் சொன்னாரு: சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சி ஆட்டணும். ஆடிச்சின்னா, இன்னொருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டணும். ஆட்டம் நின்னா பேரிங்கு. நிக்கலன்னா வேற எங்கயோ கோளாறு, அது பெரிய வேலை. "மெக்கானிக்கு யாருக்கா?"ன்னு கேட்டாரு. "நான்தான்"ன்னேன். அவரு எனக்கு ஒரு டீ சொன்னாரு.

பிரேக்கு மிதிக்க ஆளு வேணுமே. சாயங்காலம் பவித்ரா கள்ளக்குறிச்சி துணிக்கடை வேலை முடிஞ்சி, கல்யாணத்துக்கு எனக்கு தச்ச ஜாக்கெட்ட அளவு பாத்துக் குடுக்க நம்ம வூட்டுக்கு வந்தா. ஜாக்கெட்ட வாங்கி ஆணியில மாட்டிட்டு, அவள ஜீப்புல ஏத்திட்டேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே அத்த."

"ஓட்டச் சொன்னேனா? பிரேக்க மிதின்னு சொன்னேன்."

"எது பிரேக்கு?"

"காலுக்கு எட்டறதுதான். அழுத்தி மிதி."

நான் கீழ உக்காந்து, ஜாக்கி போட்டுத் தூக்கின இடது சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சி ஆட்டறேன். கடக் கடக்குன்னு ஆடுது. "மிதிச்சிட்டியா?" "மிதிச்சிட்டேன்." ஆட்டம் நிக்கல. "நல்லா மிதி." "ரெண்டு காலாலயும் ஏறி நிக்கறேன் அத்த." அப்பவும் கடக் கடக்கு. போச்சுடா, பேரிங்கு இல்ல, பெரிய வேலை, கல்யாணத்துக்குள்ள ஆவாதுன்னு சக்கரத்த விட்டுட்டேன். எழுந்து பாத்தா, அவ கிளச்சு மேல ஏறி நிக்கறா. அவ கால எடுத்து நடுவுல இருந்த பிரேக்குல வச்சேன். திரும்பி வந்து ஆட்டினேன். மலை மாதிரி நின்னுடுச்சி.

"நின்னுச்சி!"ன்னு கத்தினேன்.

"இன்னா அத்த நின்னுச்சி?"

"உன் மாமனாரு அழுகை."

அவளுக்கு ஒண்ணும் புரியல. எல்லாத்தயும் சொன்னேன், டிராக்டர்காரன் குனிஞ்சி பாத்தது வரைக்கும். அவ ஸ்டீரிங்குல தலைய முட்டிகினு சிரிச்சா. அவ சிரிக்கிறதப் பாத்து எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. நீங்க ரெண்டு பேரும் காலேஜுக்குப் போற காலத்துல அந்த ஜீப்புல பின்னாடி எதுக்கெதுக்க உக்காந்துகினு பேசாமயே வருவீங்களாமே, எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு. உங்கப்பாவுக்கு கண்ணாடியில தெரிஞ்சிருக்குது. வூட்டுக்கு வந்து என்கிட்ட "உன் புள்ள ஊமையாயிட்டான்டி, பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும், நீ வாயத் தொறக்காதே, அவனாச் சொல்லட்டும்"ன்னு சொன்னாரு. நீ சொல்றதுக்கு நாலு வருசம் ஆச்சி. சொன்னப்ப அவரு இல்ல.

மறுநாளு அவ கடைக்கு லீவு சொல்லிட்டு வந்துட்டா. நான் கூப்புடல. சக்கரத்தக் கழட்டி, நட்டக் கழட்டி, பேரிங்கு உக்கார்ற ஹப்ப இழுத்தோம். கிரீஸு எங்க இருக்குது? பால் ஊத்தின டீத்தண்ணி மாதிரி வழியுது, வெள்ளி பொடி மாதிரி இரும்புத் தூளு மின்னுது அதுல. உருளைங்க மேல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்தது. அத உள்ளங்கையில வச்சிப் பாத்தேன். இத்தன மாசம் நான் பேசிகினு வந்தது இதுகிட்டதான். பழைய கப்ப பித்தளைக் கம்பிய வச்சி சுத்திச் சுத்தித் தட்டி வெளிய எடுத்தோம். புதுசத் தட்டி எறக்கும்போது பவித்ரா காத வச்சிகினு கேட்டா. டொக்கு, டொக்கு, டொக்கு, டங்கு. "வந்துடுச்சி அத்த!"ன்னு குதிச்சா.

அப்பறம் கிரீஸு வைக்கணும். பேரிங்குக்குள்ள, உருளைங்க சந்துல எல்லாம் கிரீஸு ஏறணும். உள்ளங்கையில கிரீஸ வச்சிகினு, பேரிங்கோட அகலமான பக்கத்த அதுல அழுத்தி அழுத்தித் திணிக்கணும், அந்தப் பக்கம் முறுக்குப் பிழியற மாதிரி வெளிய வர்ற வரைக்கும். நான் கையத் தொடச்சிகினு இருக்கேன். டப்பாவ எடுத்தாந்து தொறந்தது பவித்ரா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ கைய முழுசா உள்ள வுட்டு, ஒரு உருண்டை வழிச்சி எடுத்துட்டா. நாலு கோடும் போச்சி.

அவ என் மொகத்தப் பாத்தா. "இன்னா அத்த, ஜாஸ்தி எடுத்துட்டேனா? பாதிய திருப்பி வச்சிடட்டா?"ன்னு கேட்டா. கையில மருதாணிக்குன்னு வளத்த நகம், அது பூரா கிரீஸு. டப்பாவப் பாத்தேன். அதுல இப்ப சின்னதா, ஒல்லியா வேற நாலு வெரல் தடம் இருந்தது. என்கிட்ட இருந்து என்ன வரப்போவுதுன்னு எனக்கே தெரியல, வந்தது சிரிப்புதான். "கம்மிதான் எடுத்திருக்க, இன்னும் எடு"ன்னேன். நானும் கைய வுட்டேன். ரெண்டு பேரும் முழங்கை வரைக்கும் பூசிகினு முறுக்கு பிழிஞ்சோம். எதுக்கு அழுதீங்கன்னு அவ அப்பறம் கேட்டா. நான் அழுதது எனக்குத் தெரியாது. அந்தக் கோடு யாரோடதுன்னு அவ இங்க படிச்சிதான் தெரிஞ்சிக்கப் போறா.

எல்லாம் மாட்டி, கடைசி நட்ட நான் இறுக்கினேன். எப்படி இறுக்கினேன்! கல்யாண வண்டி, ஒரு நூலு கூட ஆடக்கூடாதுன்னு என் பலம் அத்தனையும் போட்டேன். "சக்கரம் கையால சுத்தினா சுத்தவே மாட்டேங்குது அத்த"ன்னு பவித்ரா சொன்னா. "இறுக்கமா இருந்தா நல்லதுதான்"ன்னு அவ வாய அடைச்சிட்டேன். அணை வரைக்கும் போயி திரும்பினோம். ஒரு கருகல் வாடை. எறங்கி ஹப்பத் தொட்டேன், தோசைக்கல்லு. கைய ஒதறினேன். அப்பறம்தான் உங்கப்பா செய்யறது கண்ணு முன்னால வந்தது. சக்கரத்த சுத்திகினே நட்ட இறுக்குவாரு, முழுசா இறுகினதும் கால் சுத்து பின்னால வுடுவாரு. ஆட்டமும் இருக்காது, புடிக்கவும் புடிக்காது. அப்பறம் நட்டு தளராம இருக்க பூட்டு வளையத்த மடிச்சி வுட்டுடுவாரு. வூட்டுக்கு வந்து சூடு ஆறினதும் பிரிச்சிப் பாத்தோம், நல்லவேளை, பேரிங்குக்கு ஒண்ணும் ஆவல. அதே மாதிரி கால் சுத்து வுட்டேன். சக்கரத்த பவித்ரா ஒரு வெரலால தள்ளினா, அது பாட்டுக்கு சுத்திகினே இருந்தது. கல்யாணம் பண்ணிக்கப் போறவங்களுக்கு இதுல ஒரு சேதி இருக்குது. சொல்ல எனக்கு வெக்கமா இருக்குது, நீயே தேடிக்க.

சனிக்கிழமை அத்தை பொட்டியோட வந்து எறங்கினாங்க. கச்சிராயபாளையம் ஸ்டாப்புல நான்தான் ஜீப்பக் கொண்டு போயி ஏத்தினேன். ஏறினதுல இருந்து பேசாம வந்தாங்க, காத மட்டும் தீட்டிகினு. நாப்பது, நாப்பத்தஞ்சி, அம்பது. வலது பக்கம் ஒரு நீள வளைவு. ஒண்ணும் இல்ல. காத்து சத்தம்தான். அத்தை என் பக்கம் திரும்பினாங்க.

"அவன் எங்கடி?"

"பேரிங்கு அண்ணி. தண்ணி பூந்து தேஞ்சி போயிருந்தது. மாத்திட்டேன்."

"அத ஏன்டி மாத்துன?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு நான் சிரிக்கல. கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டினேன், அன்னிக்கு மாதிரியே. எனக்கும் அப்படித்தான் இருந்தது அண்ணி, நேத்து சத்தம் இல்லாம ஓட்டும்போது அவரு எறங்கிப் போயிட்ட மாதிரி இருந்தது, ஆனா அது அழுகை இல்ல, நான் கிரீஸு வைக்காம வுட்டது, எனக்காக அந்தச் சக்கரம் கத்திகினு இருந்ததுன்னு சொன்னேன். அவங்க முந்தானையால மொகத்தத் தொடச்சிகினாங்க. "அப்ப அவன் அழுவல"ன்னாங்க. "இல்ல அண்ணி." "நல்லா இருக்கான்." "நல்லா இருக்காரு." அப்பறம் அவங்க குரலே மாறிடுச்சி. "சரி, நீயே ஓட்டு. ஆனா முன் சீட்டு எனக்கு. பொண்ணு வூட்டு வாசல்ல நான்தான் மொதல்ல எறங்குவேன். பொண்ணு என் மொகத்துல முழிக்கட்டும். நீ ஒரு நிமிசம் ஸ்டீரிங்குலயே குனிஞ்சிகினு இரு." முழு சம்மதம் இல்ல, முக்கால்வாசி. எனக்கு அது போதும். நான் வேணும்னா குனிஞ்சிக்கறேன், ஆனா பவித்ரா விட மாட்டா, ஜன்னல் வழியா எட்டிப் பாத்து "அத்த, சக்கரம் சூடா இருக்குதா"ன்னுதான் மொதல்ல கேப்பா.

இப்ப நீ ஒருத்தன்தான் பாக்கி. உன்ன நான் குத்தம் சொல்லப் போறதில்ல, சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. என் கல்யாணத்துல எங்கம்மா சமையக்கட்டுலயே இருந்தாங்க. எங்கப்பா அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே போயிட்டாரு. அவங்கள வெளிய வராதேன்னு யாரும் அடிச்சித் துரத்தல. அவங்களா உள்ள போயிட்டாங்க. நான் ஒரு வார்த்தை வாம்மான்னு கூப்புட்டிருந்தா வந்திருப்பாங்க. கூப்புடல. கூப்புட்டா எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அத இன்னி வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்களுக்குக் கைநெறைய வேலை, அதான் வரலன்னு சொல்லிகினே இருந்தேன். சாகற வரைக்கும் அவங்களும் அதயே சொல்லிகினு இருந்தாங்க. அதனால உன் பயம் எனக்குத் தெரியும் தம்பி. அது என்கிட்ட இருந்து உனக்கு வந்ததுதான். பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லு, உக்காந்து பேசலாம். சத்தம்னு சொல்லாதே, வேலைன்னு சொல்லாதே. நாளைக்கு பவித்ராகிட்டயும் அப்படிச் சொல்லாதே. அவ ஸ்பேனர எடுத்துகினு வந்துடுவா, இப்ப அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் வண்டிய எடுக்கறேன். பத்து மணிக்குள்ள பொண்ண ஏத்திகினு, ஓடை ரெண்டையும் தாண்டி, வெள்ளிமலை எறங்கி, மண்டபத்துக்கு வந்துடுவோம். ஹப்ப நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி தொட்டுப் பாத்துக்கறேன். உனக்கு என்னத் தடுக்கணும்னு தோணிச்சின்னா வந்து வண்டிக்கு முன்னால நில்லு, பிரேக்கும் நல்லாத்தான் புடிக்குது. இல்லன்னா வேன்காரனுக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிடு. எனக்கு போன் பண்ணி ஒண்ணும் சொல்ல வேணாம், உனக்கும் சங்கடம், எனக்கும் அழுகை வந்துடும். அந்த வேன்காரன் நம்ம பக்கத்துத் தெருதான், சாயங்காலம் பால் வாங்க நம்ம வாசல் வழியாத்தான் போவான். இப்ப நான் வாசல்லதான் உக்காந்திருக்கேன். அவன் என்னப் பாத்து மொறைச்சிகினு போனான்னா, நீ சொல்லிட்டன்னு தெரிஞ்சிக்குவேன்.

அம்மா